அடுத்தவர் சமையல்கட்டில் நம் அஞ்சறைப்பெட்டி

முன்பு என்னோடு வேலை பார்த்த அக்கா ஒருவர் ஒருநாள் ராத்திரி போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. அன்று காலை அவர் அலுவலகத்தில் மாதாந்திரக் கூட்டம். அவருடைய லேப்டாப்பைத்தான் புரொஜெக்டரில் மாட்டியிருந்தார்கள். போன மாதக் கணக்கைத் திறக்கச் சொன்னார் மேலாளர். பிடிஎஃப் மென்பொருளைத் திறந்ததும், சமீபத்தில் பார்த்த ஃபைல்களின் பட்டியல் சுவர் முழுக்க விரிந்தது. மேலிருந்து மூன்றாவது வரியில் அவர் பெயர், அதையொட்டி ‘பயாப்ஸி ரிப்போர்ட்’. கணவரைத் தவிர வேறு யாருக்கும் அவர் சொல்லாத விஷயம். அறையில் 11 பேர் இருந்தார்கள்.

“பென்டிரைவ் என் ஹேண்ட்பேக்லதான் தம்பி இருந்துச்சு. முந்தாநாள் மத்தியானம் ரெண்டு நிமிஷம் திறந்து, டாக்டர் கேட்ட தேதியைப் பார்த்தேன், கழற்றிட்டேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எதையும் காப்பி பண்ணவே இல்லை. பேர் மட்டும் எப்படிப்பா அங்க வந்துச்சு?”

அன்று போனில் நான் சொன்ன பதில் அரைகுறை. அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நம்மில் பலர் தினமும் செய்கிற காரியம் இது. வங்கிக் கடன் விண்ணப்பம், பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல், அப்பாவின் ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அதை அலுவலகக் கம்ப்யூட்டரில் செருகித் திறக்கிறோம். டிரைவ் நம்முடையது என்பதால் நடப்பதும் நமக்குள்ளேயே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம்.

என் அம்மா உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் சமையலுக்கு ஒத்தாசையாகப் போவார். போகும்போது தன் அஞ்சறைப்பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். கடுகும் மஞ்சளும் அவருடையவை, பெட்டியும் அவருடையது. சமையல்கட்டு மட்டும் மண்டபத்துக்காரருடையது. அங்கே ஸ்டோர் ரூமுக்கு ஒரு பொறுப்பாளர், அவர் கையில் ஒரு நோட்டு, மேடையில் பத்துப் பேர் கை. அம்மா பெட்டியை மூடிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஆனால் அவர் அரைத்த மஞ்சள் அந்த அம்மியில் இருக்கும். தாளித்த வாசனை அந்தச் சுவரில் இருக்கும். பென்டிரைவ் அந்த அஞ்சறைப்பெட்டி. அலுவலகக் கம்ப்யூட்டர் அந்த மண்டபச் சமையல்கட்டு. இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போவோம்.

ஸ்டோர் ரூம் நோட்டு

பென்டிரைவைப் போர்ட்டில் செருகியதும் முதலில் 5 வோல்ட் மின்சாரம் அதற்குப் போகிறது. உள்ளே இருக்கும் சின்னஞ்சிறு கன்ட்ரோலர் சிப் கண் விழிக்கிறது. ‘நீ யார்?’ என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. டிரைவ் தன்னைப் பற்றிச் சொல்கிறது: தயாரித்த நிறுவனத்தின் எண், பொருளின் எண், நான் கீபோர்டோ மவுஸோ இல்லை, சேமிப்புக் கருவி என்கிற வகை. பெரும்பாலான டிரைவ்கள் இவற்றோடு தனக்கே உரிய சீரியல் எண்ணையும் சொல்லிவிடும்.

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி எண் இது. புளி போட்டுத் தேய்த்தாலும் வெட்டிய பெயர் போகாது. டிரைவை எத்தனை தடவை ஃபார்மேட் செய்தாலும் இந்த எண் மாறுவதில்லை. காரணம், அது ஃபைல்கள் இருக்கும் பகுதியில் இல்லை, சிப்பின் சொந்த மென்பொருளில் இருக்கிறது.

விண்டோஸ் இதையெல்லாம் கேட்டு மறந்துவிடுவதில்லை. ரிஜிஸ்ட்ரி என்று அதற்கு ஒரு பெரிய பேரேடு உண்டு. அதில் ‘யுஎஸ்பிஸ்டார்’ என்ற தலைப்பின் கீழ் அந்தக் கம்ப்யூட்டரில் செருகப்பட்ட ஒவ்வொரு பென்டிரைவுக்கும் ஒரு பக்கம். நிறுவனம், மாடல், சீரியல் எண் மூன்றும் அதில் இருக்கும். முதன்முதலில் எப்போது செருகினார்கள், கடைசியாக எப்போது செருகினார்கள், எப்போது கழற்றினார்கள் என்ற நேரங்களும் அங்கேயே பதிவாகின்றன. முதல் தடவை செருகிய நேரம் இது போதாதென்று வேறொரு ஃபைலிலும் எழுதப்படுகிறது. சீரியல் எண்ணே இல்லாத மலிவு டிரைவாக இருந்தால் விண்டோஸ் தானே ஒரு அடையாளம் கொடுத்து எழுதிக்கொள்ளும். ஸ்டோர் ரூம்காரர் பெயர் வெட்டாத பாத்திரத்தில் சிவப்புப் பெயின்ட் புள்ளி வைப்பாரே, அதுதான்.

யாரையும் வேவு பார்க்க ஏற்பட்ட நோட்டு இல்லை இது. அடுத்த முறை அதே டிரைவைச் செருகும்போது அதற்கான டிரைவர் மென்பொருளை மறுபடி தேடாமல் சட்டென்று வேலையைத் தொடங்கவும், பழைய டிரைவ் எழுத்தையே அதற்குக் கொடுக்கவும்தான் விண்டோஸ் இப்படி எழுதி வைக்கிறது. நல்ல சமையல்கட்டு எதுவும் நோட்டு இல்லாமல் ஓடாது. அந்த நோட்டு மண்டபத்துக்காரருடையது என்பதை மட்டும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

மேடையில் விழுந்த மஞ்சள்

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். ஃபைல் பென்டிரைவில் இருந்தது, காப்பி செய்யவில்லை. பிறகு பெயர் எப்படி?

ஃபைலைத் திறப்பது என்றால் என்ன? பெட்டியிலிருந்து மிளகாயை எடுத்து மேடையில் வைப்பது. கம்ப்யூட்டரின் மேடை ரேம். பென்டிரைவில் வைத்தபடியே எதையும் பார்க்க முடியாது. திரையில் ஒரு எழுத்து தெரிய வேண்டுமானால்கூட அது ரேமுக்கு வந்தாக வேண்டும். வந்ததும் மேடையைச் சுற்றியுள்ளவர்கள் ஆளுக்கொரு குறிப்பு எடுக்கிறார்கள். கெட்ட எண்ணத்தால் இல்லை, அடுத்த தடவை சீக்கிரம் பரிமாறலாமே என்ற கரிசனத்தால்.

விண்டோஸ் ஒரு ஷார்ட்கட் ஃபைலைத் தன் ‘ரீசன்ட்’ ஃபோல்டரில் போட்டு வைக்கிறது. அந்தக் குட்டி ஃபைலைப் பிரித்துப் பார்த்தால் திறந்த ஃபைலின் முழுப் பெயர், அது இருந்த ஃபோல்டர், டிரைவின் பெயர், ஃபார்மேட் செய்தபோது அதற்கு விழுந்த எண், ஃபைல் உருவான நேரம் எல்லாம் உள்ளே இருக்கும். டிரைவைக் கழற்றினாலும் ஷார்ட்கட் சி டிரைவில் உட்கார்ந்திருக்கும். எந்தெந்த ஃபோல்டருக்குள் நுழைந்தோம் என்பதற்கு ரிஜிஸ்ட்ரியில் தனிக் குறிப்பு. பிடிஎஃப் மென்பொருளும் வேர்டும் எக்ஸெலும் சமீபத்திய ஃபைல் பட்டியலைத் தாங்களாகவும் வைத்துக்கொள்கின்றன. புரொஜெக்டரில் விரிந்தது அந்தப் பட்டியல்தான். பெட்டி வீட்டுக்குப் போய்விட்டது, ‘இன்னார் வீட்டு மிளகாய்’ என்று எழுதிய சீட்டு மேடையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெயரோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. உள்ளடக்கமே தங்கிவிடும் இடங்களும் உண்டு. வேர்டில் ஒரு கடிதம் திறந்து திருத்துகிறீர்கள். மின்சாரம் போனால் வேலை வீணாகக்கூடாது என்று வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை வேர்டு மீட்பு நகல் ஒன்றை எழுதும். அந்த நகல் உங்கள் பென்டிரைவுக்குப் போவதில்லை, சி டிரைவில் உங்கள் பயனர் கணக்கின் கீழ் போகிறது. ஒழுங்காக மூடினால் அழிந்துவிடும். வேர்டு நடுவில் தொங்கிவிட்டால் அங்கேயே கிடக்கும். படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் அவற்றின் சிறு உருவங்கள் விண்டோஸின் சேமிப்பில் தங்கிவிடக்கூடும். பிரின்ட் கொடுத்தால் அச்சுக்குக் காத்திருக்கும் நகல் ஒன்று உருவாகிறது. மேடையில் இடம் நெருக்கினால் சில பாத்திரங்களைத் தரையில் பலகை போட்டு வைப்பது போல, ரேமில் இருப்பதில் கொஞ்சத்தை விண்டோஸ் வட்டில் உள்ள பேஜ் ஃபைலுக்கு நகர்த்தும். ஹைபர்நேட் செய்தால் மேடையில் இருப்பது மொத்தமும் அப்படியே வட்டுக்குப் போகும், ராத்திரி எல்லாவற்றையும் மூடி ஃபிரிட்ஜில் வைப்பது போல.

பலர் கவனிக்காத இன்னொன்று டெஸ்க்டாப். ‘ஒரு நிமிஷம் டெஸ்க்டாப்பில் இழுத்துப் போட்டு, பிரின்ட் எடுத்துட்டு அழிச்சிட்டேன்’ என்பார்கள். இப்போது பல அலுவலகங்களில் டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. அங்கே விழுந்த ஃபைல் சில நொடிகளில் நிறுவனத்தின் மேகச் சேமிப்புக்கு ஏறிவிடும். நீங்கள் அழித்தால் அங்குள்ள குப்பைத்தொட்டிக்குப் போகும். அலுவலகக் கணக்குகளில் அந்தக் குப்பைத்தொட்டி வழக்கமாக 93 நாள் காலியாகாது. வீட்டுப் பத்திரத்தின் நகல் அங்கே மூன்று மாதம் கிடக்கும்.

இட்லித் தட்டும் அழியாத ஃபைலும்

சரி, பென்டிரைவிலேயே அழித்துவிட்டால்? அக்கா அடுத்து அதைத்தான் கேட்டார். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். பென்டிரைவுக்குள் நடப்பது அத்தனை அழகானது, அத்தனை ஏமாற்றக்கூடியதும்கூட.

ஃபைலை அழிக்கும்போது முதலில் மாறுவது பெயர்ப் பட்டியல்தான். பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட்32 அமைப்பில், அழிக்கப்பட்ட ஃபைல் பெயரின் முதல் எழுத்தை மாற்றி ஒரு குறியைப் போட்டு, அது பிடித்திருந்த இடங்களைக் ‘காலி’ என்று எழுதிவிடும். அவ்வளவுதான். ஊறுகாய் ஜாடியின் லேபிளைக் கிழித்த கதை. மாங்காய் உள்ளேயே இருக்கிறது, மூடியைத் திறந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும். ரெக்கூவா, போட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் செய்வது மூடியைத் திறந்து பார்ப்பதைத்தான். கல்யாண போட்டோக்களைத் தவறுதலாக அழித்துவிட்டு இவற்றால் மீட்டவர்கள் நம்மிடையே ஏராளம். அதே கதவு வழியாக வேறொருவரும் வரலாம்.

அதன் மேலேயே வேறு ஃபைலை எழுதி மூடிவிட்டால் என்ன? பழைய ஹார்டு டிஸ்க்கில் இது ஓரளவு பலிக்கும். பென்டிரைவில் இருப்பது ஃப்ளாஷ் நினைவகம், அதற்கு இட்லித் தட்டின் குணம். குழிக்குக் குழி தனித்தனியாக மாவு ஊற்றலாம். ஒரு குழியை மட்டும் கழுவ முடியாது, தட்டு முழுவதையும்தான் கழுவ வேண்டும். ஃப்ளாஷிலும் ‘பேஜ்’ என்ற சிறு குழிகளில் எழுதலாம், அழிப்பதானால் பல பேஜ்கள் சேர்ந்த ‘பிளாக்’ என்ற தட்டைத்தான் மொத்தமாக அழிக்க முடியும். அதோடு ஒரு தட்டைக் குறிப்பிட்ட தடவைதான் கழுவலாம், அதற்கு மேல் தேய்ந்துவிடும்.

ஆகவே உள்ளேயிருக்கும் கன்ட்ரோலர் சிப் கெட்டிக்கார மாஸ்டர் போல நடந்துகொள்கிறது. ‘இந்தக் குழியில் புது மாவு ஊற்று’ என்று விண்டோஸ் சொன்னால், வேறொரு தட்டில் சுத்தமான குழியைத் தேடி அங்கே ஊற்றும். பழைய குழியிலிருக்கும் இட்லியை ‘இதைப் பரிமாறாதே’ என்று குறித்து வைக்கும். எல்லாத் தட்டும் சமமாகத் தேய வேண்டும் என்று மாற்றி மாற்றிப் புழங்கும். விண்டோஸுக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. பழைய இடத்தின் மேல் எழுதிவிட்டோம் என்று அது நினைக்கிறது. பழைய இட்லி இன்னும் தட்டில்தான் இருக்கிறது, அந்தத் தட்டு எப்போது கழுவப்படும் என்பது சிப்புக்கு மட்டும் தெரியும். சிப்பை டிரைவிலிருந்து பிரித்தெடுத்து நேரடியாகப் படிக்கத் தெரிந்த ஆய்வகத்துக்கு அதை எடுக்க வழி இருக்கிறது.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பூட்டை எப்போது போட வேண்டும் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஃபைலைப் போட்ட பிறகு பூட்டினால், பூட்டாத பழைய பிரதி ஏதோ ஒரு குழியில் மிச்சம் இருக்கலாம். புது டிரைவை வாங்கியதும் முதலில் பூட்டி, அதற்குப் பிறகு ஃபைல்களைப் போட்டால், எந்தக் குழியை யார் தோண்டினாலும் கிடைப்பது புரியாத குவியல்தான்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது

பூட்டு என்று சொல்வது குறியாக்கத்தை. இன்று பரவலாக உள்ள முறை ஏஇஎஸ். பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரெய்மன் இருவரும் வடிவமைத்ததை 2001-ல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் தரமாக ஏற்றது. ஏஇஎஸ் 16 பைட் எடுத்து நாலுக்கு நாலு தட்டில் பரப்புகிறது. ஒவ்வொரு குழியில் உள்ளதையும் வேறொன்றால் மாற்றுகிறது, வரிசைகளை நகர்த்துகிறது, பத்திகளைக் கலக்குகிறது, சாவியின் ஒரு பகுதியைச் சேர்க்கிறது. இதைச் சிறிய சாவிக்கு 10 சுற்று, பெரிய சாவிக்கு 14 சுற்று திரும்பத் திரும்பச் செய்கிறது. இந்த இடத்தில் சமையல் உவமை நிற்காது. அரைத்த மாவை மறுபடி அரிசியாக்க முடியாது. ஏஇஎஸ்ஸில் சரியான சாவி இருந்தால் ஒவ்வொரு அரிசியும் உடையாமல் திரும்பக் கிடைக்கும். சமையல்கட்டில் நடக்காத இந்த அதிசயத்தால்தான் நம் ரகசியங்கள் பத்திரமாக இருக்கின்றன.

நாம் தட்டும் பாஸ்வேர்டு நேராக ஃபைல்களைப் பூட்டுவதில்லை. டிரைவ் முழுவதையும் பூட்டும் சாவியை கம்ப்யூட்டர் தானே தாறுமாறான எண்ணாக உருவாக்கி, அதை ஒரு சின்னப் பெட்டியில் வைக்கிறது. அந்தப் பெட்டிக்குத்தான் நம் பாஸ்வேர்டு. அதனால் பாஸ்வேர்டை மாற்றினால் டிரைவ் முழுவதையும் மறுபடி பூட்ட வேண்டியதில்லை, சின்னப் பெட்டியின் பூட்டை மாற்றினால் போதும். ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்ப்பவரைத் தளரவைக்க, பாஸ்வேர்டைப் பல்லாயிரம் தடவை, சில மென்பொருள்களில் லட்சக்கணக்கான தடவை, கணக்கில் போட்டு அரைத்த பிறகுதான் பெட்டி திறக்கும். நமக்கு அது ஓரிரு விநாடிக் காத்திருப்பு. கோடிக்கணக்கான பாஸ்வேர்டுகளை முயல்பவருக்கு அது ஆயுள் முழுக்கக் காத்திருப்பு.

விண்டோஸிலேயே இருப்பது பிட்லாக்கர் டூ கோ, விண்டோஸ் 7-லிருந்து வருகிறது. புரோ பதிப்பு இருந்தால்தான் பூட்டை உருவாக்கலாம், ஹோம் பதிப்பில் பாஸ்வேர்டு போட்டுத் திறக்க மட்டும் முடியும். பூட்டும்போது 48 இலக்க மீட்பு எண் ஒன்றைத் தரும். அதை எழுதி வீட்டு அலமாரியில் வைக்க வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சொந்த டிரைவை அலுவலகக் கம்ப்யூட்டரில் வைத்துப் பூட்டாதீர்கள். பல நிறுவனங்களில் அங்கே உருவாகும் மீட்பு எண்ணின் நகல் தானாகவே நிறுவனத்தின் சர்வருக்குப் போகும்படி அமைத்திருப்பார்கள். அது அவர்களுக்கு நியாயமான ஏற்பாடு. ஆனால் உங்கள் பெட்டியின் மாற்றுச்சாவி அவர்கள் ஆணியில் தொங்கும்.

வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருள் நல்லது. ஆனால் அதை ஏற்கெனவே நிறுவியிருக்காத கம்ப்யூட்டரில் ஓட்ட அட்மின் உரிமை வேண்டும், அது அலுவலகக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் நமக்குக் கிடைக்காது. எண் பொத்தான்கள் டிரைவின் மேலேயே உள்ள வகையும் கடைகளில் உண்டு, விலை அதிகம். அதில் பின் எண்ணை டிரைவிலேயே அழுத்துகிறோம். பூட்டு திறக்கும்வரை கம்ப்யூட்டர் ஒரு ஃபைலைக்கூடப் பார்க்காது.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் பலருக்குக் கைவந்த வழி. செவன்-ஜிப்பில் ஃபைல் பெயர்களையும் மறைக்கும் வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், பாஸ்வேர்டு இல்லாமலே பெயர்ப் பட்டியல் தெரியும். அக்காவுக்கு வினையானது ஃபைலின் பெயர்தான், உள்ளடக்கம் இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அதோடு ஜிப்புக்குள் இருக்கும் ஃபைலை இருமுறை தட்டித் திறந்தால், பூட்டில்லாத ஒரு பிரதியை முதலில் சி டிரைவின் டெம்ப் ஃபோல்டரில் பிரித்து வைத்துவிட்டுத்தான் காட்டும்.

ஆதார் பிடிஎஃபும் இங்கே சேரும். அதற்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறோம். அது நம் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும். பக்கத்து நாற்காலியில் நமக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியவர் இரண்டு மூன்று முயற்சியில் திறந்துவிடுவார்.

வழியில் காக்கும், அடுப்படியில் காக்காது

பூட்டின் அருமை தெரிய இரண்டு சம்பவங்கள். 2017-ல் லண்டன் தெருவில் ஒருவர் பென்டிரைவ் ஒன்றைக் கண்டெடுத்தார். நூலகக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஃபைல்கள், பாஸ்வேர்டே இல்லை. அடுத்த ஆண்டு அந்த விமான நிலையத்துக்கு 1,20,000 பவுண்டு அபராதம். 2022 ஜூனில் ஜப்பானின் அமகசாகி நகரத்துக்காக வேலை பார்த்த ஒப்பந்தப் பணியாளர், வேலை முடிந்து மது அருந்தி, தெருவில் தூங்கிப்போய், பையைத் தொலைத்தார். பைக்குள் சுமார் 4.6 லட்சம் பேர், அதாவது அந்த நகரவாசிகள் எல்லாருடைய விவரங்களும் இருந்த யுஎஸ்பி. அது பூட்டப்பட்டிருந்தது. பையும் கிடைத்தது. ஆனால் நடுவில் நகராட்சி அதிகாரிகள் செய்தியாளர் கூட்டத்தில், பாஸ்வேர்டு எழுத்தும் எண்ணும் கலந்த 13 இலக்கம் என்று சொல்லிவிட்டார்கள். பூட்டு எத்தனை உறுதியானாலும் சாவியின் நீளத்தை ஊருக்குச் சொல்லக்கூடாது.

பேருந்தில் விழுந்தாலும் டீக்கடை மேசையில் மறந்துவிட்டாலும் பூட்டு காப்பாற்றும். அலுவலகக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்த கணத்தில் அதன் வேலை முடிந்துவிடுகிறது. பெட்டி திறந்து மேடையில் இருக்கிறது. மேலே சொன்ன ஷார்ட்கட், சமீபத்திய பட்டியல், மீட்பு நகல் எல்லாம் பூட்டிய டிரைவிலிருந்து திறந்த ஃபைலுக்கும் அப்படியே நடக்கும். டிரைவைத் திறந்து வைத்தபடி ஹைபர்நேட் செய்தால், மேடையில் கிடந்த சாவியும் சேர்ந்து ஃபிரிட்ஜுக்குப் போகலாம்.

அலுவலகம் தன் பங்குக்கு வைத்திருக்கும் கண்காணிப்பு மென்பொருளும் உண்டு. எந்த டிரைவ் செருகப்பட்டது, எந்த ஃபைல் எங்கே நகர்ந்தது என்பதை அது உடனுக்குடன் சர்வருக்கு அனுப்பும். சில இடங்களில் நகர்ந்த ஃபைலின் நகலையே எடுத்து வைக்கும். ஆகவே, தடத்தைத் துடைக்கும் மென்பொருளை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். நோட்டின் நகல் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டது. இங்கே பக்கத்தைக் கிழித்தால், கிழித்ததுதான் பெரிய கேள்வியாகும். ஒரு மருத்துவ ரிப்போர்ட்டைப் பார்த்தது குற்றமில்லை, அதை மறைக்கப் போய்ச் சந்தேகத்துக்கு ஆளாவது வீண்.

நம் பெட்டியிலிருந்து போகும் வண்டு

அலுவலகங்கள் பென்டிரைவை ஏன் இவ்வளவு வெறுக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஜெராக்ஸ் கடையில் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். நம்மில் பாதிப் பேர் இதைப் பார்த்திருப்போம். அந்த வைரஸ் உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். பதறி அதைத் தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், பிறகுதான் ஃபோல்டர் திறக்கும். ஒரு வீட்டுப் பருப்பில் இருந்த வண்டு மண்டபத்து அரிசி மூட்டைக்குப் பரவுவது இப்படித்தான். 2008-ல் மத்தியக் கிழக்கில் அமெரிக்க ராணுவத்தின் லேப்டாப் ஒன்றில் செருகிய ஒரே பென்டிரைவிலிருந்து பரவிய கிருமியால், அந்த ராணுவம் பென்டிரைவ்களையே தடை செய்ய வேண்டிவந்தது. 2016-ல் வெளியான ஆய்வில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 297 டிரைவ்களை வேண்டுமென்றே போட்டு வைத்துப் பார்த்தார்கள். 45 சதவீத டிரைவ்களில் இருந்த ஃபைல்களை எடுத்தவர்கள் திறந்திருந்தார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் இதைத் தொடுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகலெடுப்பதையும் அதற்குள் வைரஸ் நுழையக் காரணமாவதையும் பேசுகிறது. கழற்றி மாட்டும் சேமிப்புக் கருவி என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. சொந்த ஃபைல்கள் உள்ள டிரைவில் அலுவலக ஃபைல் ஒன்றையாவது போட்டால், நாளைக்கு வேலையை விடும்போது டிரைவ் முழுவதுமே விசாரணைக்குள் வந்துவிடலாம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

அக்காவிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். டாக்டர் ரிப்போர்ட் அலுவலகக் கம்ப்யூட்டரில் திறக்க வேண்டிய பொருளே இல்லை, சொந்த போனில் சொந்த டேட்டாவில் பாருங்கள். தவிர்க்க முடியாமல் திறக்க வேண்டிய ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது, சுவரில் விரிந்தாலும் பாதகமில்லாத பெயராக வையுங்கள். ‘2403’ என்று இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்குத் தனியாக ஒரு சின்ன டிரைவ், அதில் அன்றைக்கு வேண்டிய ஒரு ஃபைல் மட்டும். கழற்றும்முன் ‘இஜெக்ட்’ கொடுங்கள். எழுதி முடிக்காத மிச்சம் இருந்தால் அது டிரைவுக்குப் போய்ச் சேரும், பிட்லாக்கர் டிரைவ் என்றால் பூட்டும் விழும். டிரைவை அலுவலகத்தில் செருகியே ஆக வேண்டும் என்றால், முதலில் ஐடி பிரிவில் கேளுங்கள்.

அவர் கேட்டார். பயந்துகொண்டேதான் போனாராம். ஐடி பிரிவில் இருந்த பையன், அலுவலக வேலைக்கென்று அவர் கொண்டுபோன புது டிரைவைச் செருகி, திரையில் வந்த சீரியல் எண்ணைப் பார்த்து, அனுமதிக்கப்பட்ட டிரைவ்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டான். “இந்த எண் இருந்தா மட்டும் திறக்கும்க்கா, வேற பென்டிரைவ் போட்டா உங்க சிஸ்டம் எடுக்காது” என்றான். அதில் இப்போது பயிற்சி வகுப்புக்கான ஸ்லைடுகள் மட்டும் இருக்கின்றன. ரிப்போர்ட்டுகள் இருக்கும் டிரைவை அவர் வீட்டில் வைத்துப் பூட்டினார். அதன் 48 இலக்க எண்ணை பீரோவில், புடவைகளுக்கு நடுவே, மருந்துச் சீட்டுகளோடு மடித்து வைத்திருக்கிறார். அடுத்த ஸ்கேன் ஆடி மாதக் கடைசியில்.